பாசிக்குக் காவல் இருந்த அய்யனார்

நெய்வேலி நகரியத்தைச் சுற்றி நடக்கிற வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்: உட்கார்ந்து பார்ப்பது, நின்று பார்ப்பது, குந்திப் பார்ப்பது. உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மின்விசிறி உண்டு. நின்று பார்ப்பவர்களுக்குத் தலைக்கவசம் உண்டு. குந்திப் பார்ப்பவர்களுக்கு முழங்கால் உண்டு, தேயும் வரை. கம்மாபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் அய்யனார், மீசை அரும்பிய காலத்திலிருந்தே மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவர்.

அவருடைய பணியிடம் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு பெல்ட் மேலே ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் கொஞ்சம் சிந்தும். சிந்தியதைக் குந்தியபடியே சட்டியில் வாரி ஓரமாகக் குவிக்க வேண்டும். வாரி முடித்து நிமிர்வதற்குள் மறுபடி சிந்தியிருக்கும். இந்த வேலையில் ஒரு நிம்மதி உண்டு. முடிந்துபோய்விடுமோ என்ற கவலையே கிடையாது.

சுரங்கம் வந்தபோது நிலம் போனவர்களுக்கு இழப்பீடு, வேலை என்று பேச்சாவது அடிபட்டது. அய்யனாரின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். நிலமே இல்லாதவனுக்கு நிலம் போன துக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். துக்கம் இல்லாததால் ஆறுதலும் இல்லை. மகன் கான்ட்ராக்டில் சேர்ந்தார். என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று தொடக்கத்தில் நம்பினார். பிறகு அந்த நம்பிக்கையை மனைவி கனகத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு வேலையை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். கொடுக்கிற சட்டையின் நிறம் மாறியது. பெல்ட் மட்டும் அதே பெல்ட்.

ஐம்பதை நெருங்கும்போது வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. குந்தினால் ஒரு சத்தம், எழுந்தால் இன்னொரு சத்தம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"தேஞ்சு போச்சுப்பா. இனிமே குந்தவே கூடாது."

அய்யனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குந்தாம என்னா சார் பண்றது? நான் பாக்கற வேலையே குந்தறதுதான்."

டாக்டர் யோசித்தார். யோசித்து, ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அய்யனாரின் வாழ்க்கை இந்தக் களிம்போடு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு நாய்.

நகரியத்தின் இரண்டு குடியிருப்பு வட்டங்களுக்கு நடுவே படகு ஏரி என்று ஒன்று இருக்கிறது. ஏரி என்பது பெயரளவில்தான். வீராணம் ஏரியைப் பார்த்தவர்கள் இதைக் குட்டை என்று சொல்லவும் யோசிப்பார்கள். அதில் அன்னப்பறவை உருவத்தில் நாலைந்து மிதிபடகுகள், சுற்றிலும் நடைபாதை, கரையில் தூங்குமூஞ்சி மரங்கள். இதையெல்லாம் கட்டிக் காப்பது அங்கு குடியிருப்பவர்கள் சேர்ந்து நடத்துகிற ஏரிப் பூங்கா நலச் சங்கம். அதன் செயலாளர் தெய்வசிகாமணி, ஓய்வு பெறுவதற்குள் இன்னும் ஒரு பதவி உயர்வைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த அலுவலர்.

அந்தக் கோடையில் ஏரி பச்சையானது. வழக்கமாகக் கரையோரம் பாசி படிகிற பச்சை அல்ல. யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுக் கலக்கவும் செய்தது போன்ற பச்சை. எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி படிகிற ஊரில் பச்சைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மக்கள் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "இயற்கை அன்னை நம் ஏரிக்குப் பட்டு கட்டியிருக்கிறாள்" என்று செயலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அறுபது பேர் கைகூப்பினார்கள். நாற்றம் வந்தபோது, அது பட்டின் வாசனை அல்ல என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஏரியில் கால் நனைத்தவர்களுக்கு அரிப்பு வந்தது. மனிதர்களுக்கு அரிப்பு வருவதெல்லாம் ஒரு சேதியா என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு டைகர் என்ற உயர்சாதி நாய், பந்தை எடுக்கத் தண்ணீரில் பாய்ந்து, கரையேறி, உடம்பை நக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இழுப்பு வந்து இறந்தது. டைகர் ஒரு பெரிய குவார்ட்டர்ஸைச் சேர்ந்தது. உடனே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நீலப்பச்சைப் பாசி, நஞ்சு கக்கும் வகை என்று முடிவு வந்தது. இயற்கை அன்னையின் பட்டைப் பற்றிய செய்தி குழுவிலிருந்து நீக்கப்பட்டது. வாயிலில் பலகை ஏறியது: நச்சுப் பாசி, நீரைத் தொடக்கூடாது, படகுச் சவாரி, மீன்பிடித்தல், மீன்களுக்கு உணவிடுதல் ஆகியவை தடை செய்யப்படுகின்றன.

ஏரி திறந்திருந்த காலத்தில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட, மூடிவிட்டார்கள் என்றதும் ஏன் மூடினார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்க வந்தார்கள். ஆகவே ஒரு காவல் ஆள் தேவைப்பட்டது. சங்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் கேட்டது. கான்ட்ராக்டரின் மேஸ்திரி பெரியண்ணன், எந்த ஆளை எடுத்தால் வேலை கெடாது என்று பார்த்து அய்யனாரிடம் வந்து நின்றார்.

"உனக்குத்தான் காலு முடியலியேப்பா. ஏரிக்குப் போயி உக்காரு. தண்ணி தெளியற வரைக்கும்."

"உக்காந்தா போதுமா?"

"உக்காந்தா போதும். யாரயும் உள்ள வுடாத. பேரே அய்யனாரு, ஏரிக்கர காவல் உனக்கு என்னா புதுசா?"

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் பகல் வெளிச்சத்தில், சம்பளத்துக்காக, சாய்ந்து உட்கார்ந்தபோது, யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று அய்யனார் மதியம் வரை எதிர்பார்த்தார். யாரும் வரவில்லை. மாலையில் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கினார். முழங்கால் சத்தம் போடவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு கவலைதான். தண்ணீர் தெளிந்துவிடக் கூடாது.

காலையில் வந்ததும் முதல் காரியமாகப் பாசியைப் பார்ப்பார். வயலுக்குப் போனவன் பயிரைப் பார்ப்பது போல ஒரு சுற்று சுற்றி வந்து, அங்கங்கே குனிந்து பார்த்து, திருப்தியோடு திரும்புவார். தனக்கென்று ஒரு காணி நிலம் இல்லாதவருக்கு முதன்முதலாக ஒரு வெள்ளாமை கிடைத்திருந்தது.

"எப்பிடி இருக்குது?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கனகம் கேட்பார்.

"நல்லா அடர்த்தியா இருக்குது."

"ஊரு உலகமெல்லாம் தண்ணி நல்லா இருக்கணும்னு கும்புட்டுக்கினு இருக்குது. நீ பாசி நல்லா இருக்கணும்னு கும்புட்டுக்கினு இருக்கற."

"பாசி போச்சின்னா நான் திரும்பி பெல்ட்டுக்கு அடியில போவணும் கனகம்."

 அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கனகம், எதற்கென்று வாய்விட்டுச் சொல்லாமல், ஒரு கட்டி கற்பூரம் அதிகமாக ஏற்றினார்.

வாரம் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதிக்க இசைப்பிரியா என்ற பெண் வருவாள். கடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை, அதுவும் தற்காலிகம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு பை நிறையச் சீசாக்கள், கயிற்றில் கட்டிய ஒரு வட்டத் தட்டு. தட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்திருக்கும். அதைத் தண்ணீரில் இறக்குவாள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவரைதான் தண்ணீர் தெளிவு. தொடக்கத்தில் தட்டு தண்ணீரைத் தொட்டதுமே காணாமல் போயிற்று. அய்யனாருக்கு அந்தத் தட்டை மிகவும் பிடித்திருந்தது.

ஆவணி கடைசியில் ஒரு நாள் தட்டு இறங்கியது. இறங்கியது. இன்னும் தெரிந்தது.

"அண்ணே, நல்ல சேதி! பாத்தீங்களா, முழங்கை ஆழத்துக்குத் தெரியுது. இப்படியே போனா கார்த்திகைக்குள்ள தொறந்துடலாம்."

நல்ல சேதி அய்யனாரின் முகத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போனது. "எதனால பாப்பா இப்பிடி ஆவுது?"

"யாரும் பொரி போடறதில்லல்ல, அதான். மீன் தின்னது போக மிச்சமெல்லாம் அடியில அழுகும். அதுதான் பாசிக்கு உரம். இப்ப சோறு நின்னு போச்சு. பாசி பட்டினி."

இங்கே பொரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமையும் அமாவாசையும் மீனுக்குப் பொரி போட்டால் பீடை கழியும் என்று நகரியத்தில் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக இருந்தது. எந்த ஜோசியர் கட்டம் போட்டாலும் கடைசியில் பொரியில் கொண்டுவந்து நிறுத்துவார். நகரியத்தில் எல்லா மாவட்டத்துக் குடும்பங்களும் உண்டு. ஆகவே ஏரி மீன்கள் மதுரையின் ராகுவையும் தஞ்சாவூரின் கேதுவையும் திருநெல்வேலியின் செவ்வாயையும் ஒருசேரத் தின்று கொழுத்திருந்தன. ஏரி மூடியதிலிருந்து கிரகங்கள் கேட்பாரில்லாமல் கிடந்தன. வாயிலில் பொரி விற்கிற சாமியம்மாளும் அப்படித்தான் கிடந்தார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில், பக்கத்து வட்டத்து சரிதா டீச்சர் ஒரு பெரிய பொரிப் பொட்டலத்தோடு வாயிலில் நின்றார்.

"உள்ள வுடக் கூடாதுங்க. ஆர்டர்," என்றார் அய்யனார்.

"நான் வரலைங்க. இந்தப் பொரி மட்டும் உள்ள போனாப் போதும். பையனுக்கு ஏழரை நடக்குது."

"தண்ணியில எதயும் போடக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க."

சாமியம்மாள் தட்டிலிருந்த பொரியை ஒதுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார். "யம்மா, போர்டு ஜனங்களுக்குத்தான? அவரு ஜனமா? அவரு டூட்டி. அவரு கையில குடு, அவரு போடட்டும்."

"அவர் போட்டா பலன் எனக்கு எப்படி வரும்?"

"கோயில்ல நீயா அர்ச்சன பண்ற? குருக்களுதான பண்றாரு. பலன் குருக்களு வூட்டுக்கா போவுது?"

டீச்சர் என்ற முறையில் சரிதா இதற்கு விடை தேடிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அய்யனாரிடம் நீட்டினார். அய்யனாருக்கு மறுப்பு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது முழங்கை ஆழத்தில் தெரிந்த அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்க," என்று தன் குரல் சொல்வது அவர் காதிலேயே விழுந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் படகு ஏரிக் கரையில் ஒரு புதிய வழிபாடு வேரூன்றியது. பொரி வந்தது, கோதுமை மாவு உருண்டை வந்தது, எள்ளுச் சாதம் வந்தது. வாங்கி நாற்காலிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ப் போடுவார். மொத்தமாகக் கொட்ட மாட்டார். கை நிறைய அள்ளி, விதை விசிறுவது போல விசிறுவார். ஒவ்வொரு கைக்கும் உரியவர் பெயரைச் சொல்லுவார். நட்சத்திரம் மறந்துபோனால், "எல்லா நட்சத்திரமும் நல்லா இருக்கட்டும்" என்பார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. சனி பிடித்த அவசரத்தில் தெரு யாருக்கு நினைவிருக்கும்?

காசு கொடுக்க வந்தவர்களை மட்டும் அவர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். பொரியில் ஒரு பொட்டுக்கூட வாயில் போட்டுக்கொள்ளவில்லை. காசு வாங்கினால் அது தப்பு, வாங்காவிட்டால் அது தொண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு உண்டல்லவா? அந்தக் கோட்டை அய்யனார், தாம் நிற்கிற இடத்துக்கு அடுத்தாற்போல் போட்டுக்கொண்டார்.

மீன்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டன. கரையில் நிழல் விழுந்ததும் பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வாயைத் திறந்து வரும். அவற்றில் வால் கிழிந்த கெண்டை ஒன்று எப்போதும் கடைசியில் வரும். அதற்கென்று ஒரு கைப்பிடியை நிறுத்தி வைப்பார்; யார் பெயரும் சொல்லாமல் போடுவார்.

ஒரு மதியம், வெயிலில் ஆளரவம் அடங்கிய நேரத்தில், செயலாளர் தெய்வசிகாமணி ஆய்வுக்கு வந்தார். கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம்.

"யாராவது உள்ள வர்றாங்களா?"

"இல்ல சார்."

"தண்ணியில யாராவது எதையாவது போடறாங்களா?"

"ஒருத்தரும் போடறதில்ல சார்," என்றார் அய்யனார். தன்னை அவர் ஒருத்தராகக் கணக்கில் சேர்த்துப் பழக்கமில்லை.

"குட். ரொம்ப கண்டிப்பா இருக்கணும்." செயலாளர் நாற்புறமும் பார்த்தார். வாயிலில் சாமியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எனக்கு அஷ்டமத்துல சனி. இத்தனை வருஷமா வர வேண்டிய ப்ரமோஷன்... இது எள்ளுருண்டைப்பா. வீட்டுல செஞ்சது. சுத்தமா, முழுசா போட்டுடணும். என் பேரு மெதுவா சொன்னாப் போதும்."

தட்டு மறுபடி மேற்பரப்பிலேயே மறைய ஆரம்பித்தது. இசைப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கிருந்துண்ணே உரம் வருது? யாராவது பொரி போடறாங்களா?"

"எல கொட்டுதே பாப்பா, அதுவா இருக்கும்."

"எலைக்கு இவ்வளவு வராதுண்ணே." சீசாவை மூடினாள். "எனக்கு இப்ப பாசிகூட பயமில்ல. மீனை நெனைச்சாத்தான் பயம். வெயில் இல்லாம மூடாப்பா சேந்தாப்போல நாலு நாள் இருந்துச்சுன்னா, இத்தனை பாசியும் தண்ணியில இருக்கற காத்தை உறிஞ்சிடும். மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

அய்யனார் அன்று மாலை ஏரிக்கரையில் நெடுநேரம் நின்றார். மீன்களின் வாய் தண்ணீருக்கு மேலே திறந்து மூடுவதைப் பார்த்தார். இத்தனை நாளாக அது பசி என்று நினைத்திருந்தார். நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் வருகிற அமாவாசைக்கு ஏற்கெனவே பலரிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. தீபாவளி அமாவாசை வேறு. அது முடிந்ததும் நிறுத்திவிடலாம். நல்ல முடிவுகளுக்கு நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை.

அமாவாசையன்று வந்த பொரியை விசிறி முடிக்க இருட்டிவிட்டது. மறுநாளிலிருந்து வானம் மூடிக்கொண்டது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. சாம்பல் நிறப் புழுக்கம் ஊரின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அது விலகாமல் நீடித்த ஒரு காலையில் அய்யனார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தார். பச்சையின் மேல் வெள்ளை. கரையோரம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வால் கிழிந்த கெண்டை இதிலும் கடைசியாகத்தான், கரைக்கு எட்டாமல் தனியாகக் கிடந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

படம் குழுவில் ஏறியது. அரைமணி நேரத்தில் வாயிலில் கூட்டம். பலகையைத் தாண்டி, காவலைத் தாண்டி, எல்லாரும் கரைக்கே வந்துவிட்டார்கள்.

"என் பொரியத் தின்ன மீன் செத்துப் போச்சுன்னா, தோஷம் திரும்பி என் பையன் தலையிலதான விடியும்?" என்றார் சரிதா டீச்சர். 

"தப்பா சொல்றீங்க டீச்சர்." தினமும் நடைப்பயிற்சிக்கு வந்து, கோதுமை உருண்டை கொடுத்துப் போகிற விஜயராஜ் குறுக்கிட்டார். "தோஷத்த மீன் வாங்கிக்கிச்சு, செத்துச்சு. கணக்கு முடிஞ்சுது. என் மச்சானுக்கு நேத்துதான் விசா வந்திருக்கு."

"உங்களுக்கு வந்துச்சு. எங்க வீட்டுல நேத்து மாடிப்படியில விழுந்து கை ஒடைஞ்சிருக்கு!" என்று கூட்டத்திலிருந்து இன்னொருவர் கத்தினார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விசா வந்தவர்கள் ஒரு பக்கம், கை உடைந்தவர்கள் ஒரு பக்கம். சாஸ்திர விசாரணை சூடு பிடித்த வேளையில், கை உடைந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் புதிய கருத்தைச் சொன்னது.

"அந்தாளு போட்டாருன்னு யார் பாத்தது? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தின்னிருப்பாரு. வயிறாரத் தின்ன மீன் ஏங்க சாவுது? பட்டினியில செத்துக் கெடக்குதுங்க!"

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. இதில் யார் பொரிக்கும் பழுதில்லை, கிரகத்துக்கும் பழுதில்லை. எல்லாரும் அய்யனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய வயிற்றையும் சிலர் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் செயலாளர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே, சேதி கேட்டுக் கடலூரிலிருந்து வந்த இசைப்பிரியாவும் சீசாப் பையோடு வந்து நின்றாள். செயலாளர் செத்த மீனையும் கூட்டத்தையும் பையையும் பார்த்தார், நிலைமையைக் கணித்தார்.

"அமைதி, அமைதி. இது தடை செய்யப்பட்ட பகுதி. இங்க தண்ணியில எதையும் போட அனுமதி கெடையாது. அப்படி எதுவும் நடக்கவும் இல்ல." அய்யனாரின் பக்கம் திரும்பினார். கண்ணால் ஒரு ஜாடை காட்டினார். "அய்யனார், நீ எதையும் தண்ணியில போடல. சரிதானே?"

'ஆமா சார்' என்றால் போதும். மீன் செத்த ஏரியை இனி வருஷக்கணக்கில் திறக்க மாட்டார்கள். மரத்தடி, நாற்காலி, நீட்டிய கால் எல்லாம் நிலைத்துவிடும். பெல்ட் தன்பாட்டுக்குச் சிந்திக்கொண்டிருக்கும். வேறு யாராவது வாரிக்கொள்வார்கள். வாழ்நாளில் அவருக்கு இவ்வளவு மலிவாக எதுவும் கிடைத்ததில்லை.

"சொல்லுங்க," என்றார் கை உடைந்த பக்கத்துக்காரர். "போடலைன்னா எங்க பொரியெல்லாம் எங்க போச்சு?"

அய்யனார் செயலாளரின் ஜாடையைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார்.

"போட்டேங்க."

"அய்யனார்!" என்றார் செயலாளர்.

"எல்லாத்தயும் போட்டேன் சார். டீச்சரம்மா பொரியப் போட்டேன். இந்த சாரு கோதும உருண்டயப் போட்டேன். எள்ளுச் சாதம், கல்கண்டு, யார் யாரு என்னா குடுத்தாங்களோ அத்தனயும் அவங்கவுங்க பேரச் சொல்லிப் போட்டேன். ஒரு பொரி என் வாயில பட்டதில்ல. எங்க வூட்லயும் பொரி இருக்குது சார். நாங்களும் காசு குடுத்துத்தான் வாங்கறோம்."

"அதச் சொல்லு!" என்று வாயிலிலிருந்து சாமியம்மாள் குரல் கொடுத்தார். "எங்கிட்டதான் வாங்கறாரு. செயலாளரு அய்யா எள்ளுருண்டய வுட்டுட்டியே, அதயும் சொல்லிடு."

கூட்டத்தில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. செயலாளருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் மரத்தடிக்கு நகர்ந்தார்.

இசைப்பிரியா சிரிக்கவில்லை. "எப்பலேருந்துண்ணே?"

"பொரட்டாசிலேருந்து."

"வாராவாரம் கேட்டேனேண்ணே."

"கேட்ட பாப்பா."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தண்ணீர் எடுக்கக் குனிந்தாள். திட்டியிருந்தால் அய்யனாருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொரி உரிய இடத்துக்கு, உரிய பெயரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. சரிதா டீச்சர், "உங்களைச் சந்தேகப்பட்டது தப்புங்க," என்று கைகூப்பினார். கை உடைந்த வீட்டுக்காரர், அந்த மாடிப்படியே வாஸ்துப்படி சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார். கடைசி மனிதரும் கிளம்பிப்போன பிறகு செயலாளர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அருகில் வந்தார்.

"ஏம்ப்பா... என்னோடது... முழுசா போட்டியா?"

"முழுசா சார். மெதுவாத்தான் பேரு சொன்னேன்."

செயலாளர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அது போனதும் கடமை வந்தது.

செத்த மீன்களை அள்ளிக் குழியில் போடும் வேலை அய்யனாருக்கே வந்தது. கரையோரத்தில் வலையை வீசி இழுக்க, குந்தித்தான் ஆக வேண்டியிருந்தது. முழங்கால் பழைய சத்தத்தை மறக்கவில்லை. வால் கிழிந்ததை மட்டும் வலையில் எடுக்காமல் கையால் எடுத்தார்.

இப்போது சங்கத்துக்கு ஒரு சிக்கல். தடையை மீறினார் என்று அய்யனாரை விலக்கினால், யாருடைய பொருளைப் போட்டு மீறினார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி எள்ளுருண்டையில் போய் முட்டும். செயற்குழு கூடிப் பேசி மனிதாபிமானமான ஒரு வழியைக் கண்டது. அதைப் பெரியண்ணன் வந்து சொன்னார்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லன்னுட்டாங்கப்பா. உன் ஒடம்ப நெனச்சுதான் மாத்தறாங்களாம். முட்டி வலி இருக்கறவன் பொழுதன்னிக்கும் ஒரே எடத்துல உக்காந்தா முட்டி இறுகிடுமாம். நடமாட்டம் இருக்கற வேல குடுக்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்குப் பெல்ட்டுக்கு வந்துடு."

கனகம் அன்று இரவு களிம்பைத் தேடி எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தார்.

"ஆமா சார்னு ஒரு வார்த்த. வாய் வலிக்குதா உனக்கு?"

"சொல்லியிருக்கலாம்."

"பின்ன?"

அய்யனார் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். கனகம் இன்னும் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தார்.

ஏரிக்கு முள்வேலி போட்டு, காவலுக்கு ஒரு கேமரா வைத்துவிட்டார்கள். கேமராவிடம் பொரி கொடுக்க முடியாது என்பதால் சரிதா டீச்சர் சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் திருவதிகைப் பக்கம் கோயில் குளத்துக்குப் போய்வருகிறார். செயலாளரின் பதவி உயர்வு இந்த ஆண்டும் வரவில்லை. போட்டதில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார்.

பெல்ட்டுக்குக் கீழே முதல் நாள், பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த இளவழகன் கேட்டார். ஏரிக்கதை அங்கே அய்யனாருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன் மாமா, போடலன்னு சொல்லிட்டு சொகமா உக்காந்துக்கினு இருந்திருக்கலாம்ல? எவன் கேக்கப்போறான்?"

அய்யனார் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது காலை மடக்கினார். பிறகு வலது காலை மடக்கினார். முழுதாகக் குந்தி, மூச்சு சீரான பிறகுதான் பதில் வந்தது.

"தின்னுட்டேன்னு சொன்னாங்கடா."

மேலே பெல்ட் சிந்தியது. இருவரும் வாரினார்கள்.